கிரில் கதவுக்கு ஒரு பெயர்

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பஞ்சு கருகிய வாசனை போகவில்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரு வாய் எடுத்தால் அந்த வாசனைதான் முதலில் வருகிறது. "என்னட்டி, சோத்தப் பாத்துக்கிட்டே இருக்க?" என்கிறாள் அம்மா. உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் சொன்னால் பயந்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

இதே வாசனை மாதத்துக்கொரு முறை உன் துப்பட்டாவில் வரும். நம் மில்லின் கம்ப்யூட்டர் அறைக்குள் நீ நுழையும்போதே மூக்கைப் பிடித்துக்கொள்வேன்.

"ஏட்டி, அடுப்புக்குள்ள தலையக் குடுத்திட்டியா?"

"கதவு தொறக்குதான்னு பாத்துட்டு வாரேன். நீ டீயக் குடி."

எந்தக் கதவு என்று நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரியும். மில் வளாகத்துக்குள் இருக்கிற பெண்கள் விடுதியின் கிரில் கதவு. இருட்டியதும் வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். பாதுகாப்பாம். கல்லூரிக்குப் போகுமுன் நீயும் அதற்குள் தங்கி ஷிப்டு பார்த்தவள். ஒருமுறை ப்ளோ ரூமில், பஞ்சை உதறிச் சுத்தம் செய்கிற அந்தக் கூடத்தில், தீப்பிடித்து விடுதிக்குள் புகை வந்ததாம். கிரிலைப் பிடித்துக்கொண்டு கத்தியதைச் சிரித்துக்கொண்டே சொல்வாய். "நான் மாதாவக் கூப்பிட்டேன். பக்கத்துல நின்னவ ஆண்டாளக் கூப்பிட்டா. கடைசில சாவியோட வந்தது வாட்ச்மேன்."

படித்து முடித்து அதே மில்லுக்கு வேலைக்கு வந்ததும், யாரும் கேட்காமலேயே ஒரு சின்ன நிரல் எழுதினாய். ப்ளோ ரூமில் புகைக் கருவி அலறினால், சாவிக்குப் பதிலாக அப்போது விடுதிக்கு வந்திருந்த மின்பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். மாதம் ஒருமுறை தகர டப்பாவில் பஞ்சைக் கொளுத்தி அந்தக் கருவிக்குக் கீழே பிடிப்பாய். பூட்டுத் திறக்கும். வாசனையோடு டீக்கு வருவாய்.

பிறகு அந்த ஃபிரேம்வொர்க் வந்தது. மில், சாயப் பட்டறை, கிடங்கு, விடுதி என்று தனித்தனியாகக் கிடந்த கம்ப்யூட்டர் அமைப்புகளை ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். பெரிய நிறுவனங்கள் எல்லாம் இந்த வழிமுறையைத்தான் பின்பற்றுகின்றன என்று முதலாளியின் மகன் அதன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். முதலில் குறிக்கோள், அடுத்துத் தொழில், தகவல், மென்பொருள், கருவிகள் என்று சுற்றிவரும் ஒரு வட்டம். சுவரில் ஒட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"இந்த வட்டத்த வரஞ்சவன்ல ஒருத்தனாவது நைட் ஷிப்டு பாத்திருப்பானாட்டி?"

"பாத்திருக்க மாட்டான். ஆனா கேள்வி நல்லாக் கேக்கான். நாம கேட்டா திமிரு. இந்தப் புஸ்தகம் கேட்டா மீட்டிங்."

அதில் ஒரு அட்டவணை உனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இடப்பக்கம் இன்று இருக்கும் அமைப்புகள். மேலே நாளை இருக்கப் போகிறவை. இன்றைய ஒன்றுக்கு நாளையில் இடமில்லை என்றால் அது கடைசிக் கட்டத்தில், 'நீக்கம்' என்பதில் போய் விழும். அப்படி விழுந்த ஒவ்வொன்றைப் பற்றியும் கேட்டே ஆக வேண்டும்: தெரிந்தே விட்டதா, மறந்து விட்டதா? இந்தக் கேள்வியை நீ பஸ்ஸில்கூடக் கேட்பாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது நான் டிபன் பாக்ஸை விட்டுவிட்டால், "தெரிஞ்சு விட்டியா, மறந்து விட்டியா?"

விடுதிக் கதவையும் அந்த அட்டவணையில் ஏற்றினாய். ஒவ்வொரு அமைப்புக்கும் பொறுப்பேற்க ஓனர் என்று ஒருவர் பெயர் வேண்டும். டிபார்ட்மென்ட் பேரைப் போட்டுவிடு, உனக்கு எதற்கு வம்பு என்றேன். "டிபார்ட்மென்ட்டுக்கு கையும் கெடையாது, கழுத்தும் கெடையாது. எம் பேரு இருக்கட்டும்" என்றாய். இருந்தது.

பிறகு டெங்குக் காய்ச்சல். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில், கல்லுப்பட்டி தாண்டும்போது நீ போய்விட்டாய். கல்லறைத் தோட்டத்தில் உன் மீது மண் விழுந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. காய்ச்சலோடு இரண்டு நாள் உன்னை வேலைக்கு வரவைத்தவர்கள் முன் வரிசையில் நின்றார்கள்.

இன்று காலை திட்டத்தை இறுதி செய்யும் கூட்டம். புதிய அட்டவணையைத் திரையில் போட்டார்கள். உன் கதவு 'நீக்கம்' கட்டத்தில் இருந்தது. நீ ஊழியர் பட்டியலில் இல்லை. ஆகவே அதற்கு ஓனர் இல்லை. ஓனர் இல்லாத எதுவும் தானாக அந்தக் கட்டத்துக்குப் போய்விடுமாம். வெள்ளிக்கிழமை பழைய சர்வரை அணைக்கப் போகிறார்கள். உன் நிரல் அதில்தான் இருக்கிறது; கதவும் அதோடு போகும். வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான் என்பது உனக்குத் தெரியும்.

"இது தெரிஞ்சு விட்டதா சார், மறந்து விட்டதா?" என்று கேட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். "பூட்டைத் திறக்கறது எந்த பிசினஸ்ல சேரும்மா? எங்கயும் பொருந்தலையே."

ஜி.எம். சிரித்தார். "அந்தப் பிள்ள இருக்கும்போதே அது ஒருநா சும்மா தொறந்துக்கிட்டு. ரெண்டு பிள்ளைக வெளிய போயிட்டுன்னா, அவிய அப்பன் ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்லுறது?"

"வெளிய போனாத் தேடலாம் சார். உள்ள வெந்துட்டா?"

ஜி.எம். சிரிப்பை நிறுத்திவிட்டு அட்டவணைத் தாளை என் பக்கம் தள்ளினார். "சரி, பேரப் போடு. சும்மா தொறந்தாலும் உன் தலதான். தொறக்க வேண்டிய நேரத்துல தொறக்காட்டியும் உன் தலதான்."

டிபார்ட்மென்ட் பெயரை எழுதிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. உன் குரல் கேட்டது. உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

இருட்டி விடுதியைப் பூட்டியதும் டப்பாவில் பஞ்சைக் கொளுத்திக்கொண்டு ப்ளோ ரூமுக்குப் போனேன். நீ போனபிறகு யாரும் இதைச் செய்யவில்லை. கருவி அலறியது. விடுதி வாசலில் நின்ற வார்டன் அக்காவைப் போனில் பிடித்தேன்.

"தொறந்துட்டாக்கா?"

"இல்லத்தா. செவப்பு லைட்டு அப்படியே எரியுது. பூட்டு அசையல."

இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்தேன். "இப்பம்?"

"இல்லயே."

ஓடிவந்து சர்வரைப் பார்த்தபோது புரிந்தது. அந்த நிரலை நீ உன் லாகினில்தான் ஓடவிட்டிருந்தாய். உன்னை ஊழியர் பட்டியலிலிருந்து எடுத்த அன்றே லாகினையும் அணைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்தப் புகைக்கும் அந்தக் கதவு திறந்திருக்காது. வெள்ளிக்கிழமை போய்விடுமே என்று காலையில் நான் சண்டை போட்ட கதவு, உன்னோடு சேர்ந்து எப்போதோ செத்துவிட்டது. உள்ளே அத்தனை பேர் தினமும் படுத்துத் தூங்கி எழுந்திருக்கிறார்கள். உன்மேல் கோபம் வந்தது, ஏட்டி. இவ்வளவு யோசித்தவள், நாம் சாகவும் கூடும் என்பதை யோசிக்கவில்லையே.

யாருடைய லாகினும் இல்லாமல், புதிய சர்வரில் அதற்கென்றே தனியாக ஒரு கணக்கு உண்டாக்கி நிரலை அதில் ஓடவிட்டேன். மறுபடி பஞ்சு. மறுபடி அலறல். இந்த முறை போனிலேயே அந்தச் சத்தம் கேட்டது. டக். விடுதிக்கு நடந்துபோனேன். நான் இல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்ள இன்னொரு ஓனர் வேண்டும் என்றதும், "எம் பேரயும் எழுதிக்கோ. பேருல என்ன இருக்கு, பூட்டுறதே நாந்தான?" என்றாள் வார்டன் அக்கா.

கிரிலுக்குப் பின்னால் தலைவாரியபடி ஒரு பெண் நின்றிருந்தாள். புதிதாகச் சேர்ந்தவள் போல. கதவை விரலால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அக்கா, தொறந்துட்டே. வெளிய போலாமா?"

"ஏட்டி, உள்ள போ. இது டெஸ்ட்டு" என்று வார்டன் அக்கா மறுபடி பூட்டினாள்.

பூட்டைத் திறக்க நீ நிரல் எழுதினாய். அதைக் காப்பாற்ற நான் பெயர் எழுதினேன். பூட்டாமல் இருந்தால் என்ன என்ற கேள்வி அந்த அட்டவணையில் எங்கேயும் இல்லை. அது மறந்து விட்டதல்ல. தெரிந்துதான் விட்டிருக்கிறார்கள்.

சோற்றை மூடி வைத்துவிட்டு அட்டவணையைத் திறந்திருக்கிறேன். உன் கதவுக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: 'விடுதியை வெளியிலிருந்து பூட்டுதல்.' ஓனர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். சர்வரை அணைப்பதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, கடைசியாக இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதில், இதற்கு யார் பெயர் போடுவீர்கள் என்று கேட்கப் போகிறேன். வார்டன் அக்காவின் பெயரைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிபார்ட்மென்ட் என்று சொன்னால், கையும் கழுத்தும் எங்கே என்று கேட்பேன்.