கோராவின் ஆரஞ்சு டம்ளர்

ஹண்டிங்டன், மேற்கு வர்ஜீனியா
அக்டோபர் 9, 2004

அன்பு மேவிஸுக்கு,

நலமா என்று கேட்க எனக்குத் தகுதியில்லை, ஆனாலும் கேட்கிறேன். உன் தங்கை ஊரில் குளிர் தொடங்கியிருக்குமே, கம்பளிச் சட்டை எடுத்துப் போனாயா?

நம் சேகரிப்புக்குப் பழைய கண்ணாடி டம்ளர் தேடி, இந்தச் சனிக்கிழமை தனியாகத்தான் போனேன். ஆற்றோரத் தெருவில் ஒரு வீட்டைக் காலிசெய்து சாமான்களை விற்றார்கள். வரிசையில் நின்று எட்டாம் நம்பர் சீட்டு வாங்கினேன். "மேவிஸ் இல்லாம உனக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாதேய்யா" என்று, நம்மைப்போலவே கண்ணாடி சேர்க்கும் லைல் வரிசையில் கிண்டலடித்தான். நீ போய்விட்டது அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஐம்பதுகளில் செய்த கடல்நீல டம்ளர் நான்கு கிடைத்தன, இடுப்பு ஒடுங்கிய வகை. பெட்டியைப் பிரிக்கவே மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து பீன்ஸும் சோள ரொட்டியும் வருகின்றன. வயிற்றுக்குக் குறையில்லை.

சொல்ல வந்தது வேறு. கார் விபத்தில் போன நம் மகளை அடக்கம் செய்த மறுநாள், வந்தவர்கள் குடித்த டம்ளர்களையெல்லாம் கழுவினேன். முப்பது வருடப் பழக்கம்தான்: தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் வினிகர் ஊற்றி, ஒவ்வொன்றாக. பியானோமேல் இருந்த ஆரஞ்சு டம்ளரையும் எடுத்துக் கழுவிவிட்டேன். கோரா கடைசியாகக் குடித்தது அதில்தான். விளிம்பில் இருந்த அவளுடைய லிப்ஸ்டிக்குக்காகத்தான் நீ அதைத் தனியே வைத்திருந்தாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "எம்பொண்ணு வாயைத் துடைச்சிட்டியே, வெர்னன்" என்று மட்டும் சொன்னாய். மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டாய்.

கைப்பழக்கத்தில் கழுவிவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். அது பாதி உண்மை. லிப்ஸ்டிக் ஒட்டி என் விரல் சிவந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது கறையில் பாதி மிச்சமிருந்தது. அப்படியே எடுத்து வைத்திருக்கலாம். பாதி உதட்டை உன்னிடம் எப்படிக் காட்டுவது என்று பயந்து மீதியையும் நானேதான் துடைத்தேன். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, மேவிஸ்.

இதைப் படித்து நீ என்னை வெறுத்தாலும் சரி. நான் சொன்ன பொய்யை நம்பி மன்னித்துவிடாதே. ஒருமுறை வந்து, என் முகத்துக்கு நேரே வாய்விட்டுக் கத்திவிட்டாவது போ. வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உனக்கு நல்ல தூக்கத்தைக் கொடுக்கட்டும்.

உன்,
வெர்னன்