ஆறு வீட்டுக்கும் ஒரே குடம்

இன்று பொத்தேரியில் ஒரு வீட்டில் சோதனைக்குத் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மா கைப்பம்பைத் தாண்டிப் போய், காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து நீட்டினார். சிரிப்பு வந்துவிட்டது. "இது வேணாம்மா, நீங்க தினம் புழங்குற தண்ணி குடுங்க" என்றேன். அப்படிக் கேட்கக் கற்றது உன்னிடம்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. திருப்போரூர் பக்கம், உங்கள் காலனிக் கிணற்றை ஒட்டி முலாம் பூசும் பட்டறை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கையெல்லாம் புண். நான் ஆறு வீடுகளில் குடிதண்ணீர் வாங்கிவந்து சோதித்தேன். பட்டறைக் கழிவில் வரும் குரோமிய நஞ்சு இல்லை. ஆறு பாட்டிலிலும் மற்ற அளவுகள்கூட அச்சடித்த மாதிரி ஒன்றாகவே இருந்தன. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தண்ணீர் நல்லது என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுவாரம் நீ பஸ் ஏறி செங்கல்பட்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டாய்.

"இன்னாம்மா எழுதி வச்சிகிற? அது கோயில் தெரு குழாய்ல நான் தூக்கினு வந்த தண்ணி. எங்க வூட்டுக் குடந்தான் ஆறு வூட்டுக்கும் போச்சு. வந்தவங்களுக்கு மஞ்சளா கீற கெணத்துத் தண்ணியவா குடுப்பாங்க?"

கூசிப்போனேன். அன்றைக்கே உன்னோடு வந்து கிணற்றில் வாளி விட்டேன். குரோமியம் அளவுக்கு மீறி இருந்தது. மேலதிகாரி அறைக்கதவைச் சாத்திவிட்டு, "முதல் அறிக்கை தப்புன்னா உங்க பேர்தான் கெடும், விட்டுடுங்க" என்றார். வெளியே காத்திருந்த உன்னிடம் சொன்னேன்.

"தப்புன்னா தப்புன்னு எழுது. அதுல இன்னா கீது?"

எழுதினேன். ஊர்க்கூட்டத்தில் நானே எழுந்து வாசித்தேன். சோதனை வேலையைப் பிடுங்கி என்னை ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். போகட்டும். கிணற்றை மூடி, லாரித் தண்ணீர் விட்டார்கள். பட்டறை மட்டும் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு அங்கேயே இருந்தது. நீ அதன் வாசலில் நின்று போட்ட சத்தம் மாமல்லபுரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

சில வருஷத்தில் சிறுநீரகம் பழுதாகி நீ போனாய். தண்ணீர்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது என்றார்கள் எங்கள் அலுவலகத்தில். முடியாதுதான், எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீருக்குச் சம்பந்தமே இல்லை என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள் பார், அந்தத் தாளை அவர்கள் மேசையிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

இப்போது மாதம் ஒருமுறை பட்டறையின் கழிவுக் குட்டையில் நானே மாதிரி எடுக்கிறேன். யார் அனுப்பினார்கள் என்று காவலாளி ஒவ்வொரு முறையும் கேட்பான். உன் பெயரைச் சொல்வேன்.

"அது செத்துப்போச்சேம்மா" என்றான் போன மாதம்.

"தெரியும். கேட்டைத் திற" என்றேன்.