வலது கையுறை இன்னும் புதுசாகவே இருக்கிறது

கெட்டில் குடா,
நியூஃபவுண்ட்லாந்து.
மார்ச் 16, ஞாயிறு மதியம்

அன்பு மகள் ட்ரூடிக்கு அம்மா எழுதுவது. அந்த ஆல்பர்ட்டாக் குளிரில் நீ காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும். நான் சுகம். அப்பாவும் சுகம் என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகத்தான் பார்த்தேன், பேனா நகரவில்லை. போன வாரம்தானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் அடுப்படிச் சுவரில் இருக்கிறது, அதற்கு நேர் கீழே உன் அப்பாவின் நாற்காலி இருக்கிறது. மற்ற நேரம் காது மந்தம், தன் பேச்சு வந்தால் மட்டும் குடாவுக்கு அந்தக் கரையில் சொன்னாலும் கேட்டுவிடும் அவருக்கு. இப்போது கரையோரக் கொட்டகையில் மிதவைகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார், அதனால் தைரியமாக எழுதுகிறேன். நீ இதை லாரி எடுப்பதற்கு முன்னால் படிக்காதே அம்மா. வேலை முடிந்து, கையில் தேநீர் எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து படி.

பார்சலில் இரண்டு ஜோடி கையுறை இருக்கும். சாம்பல் நிறம் உனக்கு. பிப்ரவரியிலேயே பின்னி முடித்துவிட்டேன். நாலு கண்ணிக்கு ஒன்றாக முறுக்காத கம்பளியைத் திரியாக உருட்டி உள்ளே விட்டிருக்கிறேன், முதல் இரண்டு வாரம் கையை விட்டால் தலையணைக்குள் விட்ட மாதிரி அடைத்துக்கொள்ளும், அதற்காகக் கழற்றி எறிந்துவிடாதே. போட்டுப் போட்டு வேலை செய்தால்தான் திரியெல்லாம் அமுங்கி உன் கைக்குத் தக்கபடி படியும். அந்தச் சுரங்க முகாமில் கொடுக்கிற ரப்பர் கையுறையை நம்பாதே. இரண்டு புட்டி மூஸ் மான் கறியும் ஒரு புட்டி பார்ட்ரிட்ஜ்பெர்ரி ஜாமும் வைத்திருக்கிறேன். உன் கூட வேலை பார்க்கிற அந்தப் பெண்ணுக்கும் கொடு, ஒரே நாளில் முழுப் புட்டியையும் காலி செய்துவிட்டு வயிறு வலிக்கிறது என்று போன் பண்ணாதே. நீல நிற ஜோடி அப்பாவுடையது, பழசு. அதை ஏன் உனக்கு அனுப்பினேன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

இந்தப் புத்தாண்டுக்குப் பின்னிக் கொடுத்தேன் அதை. ஆடு வளர்க்கிறாளே வெர்னா, அவள் கொடுத்த கம்பளி, ஒரே மூட்டையிலிருந்து எடுத்த திரிதான் இரண்டு கைக்கும். வலது கைக்கு மணிக்கட்டில் ஒரு சிவப்பு வரி போட்டிருக்கிறேன், மாறிப் போகாமல் இருக்க. பத்து நாளைக்கு முன்னால் கட்டைவிரல் கிழிந்துவிட்டது, தைத்துக் கொடு என்று மேசையில் போட்டார். பார்த்தால் கிழிந்திருப்பது இடது கட்டைவிரல். முப்பத்தெட்டு வருஷமாக அந்த மனுஷனுக்குக் கையுறை பின்னுகிறேன், ஒரு வருஷமாவது இடது முதலில் கிழிந்ததில்லை. கோடாரி, துடுப்பு, கயிறு எல்லாம் வலதில்தானே. சரியென்று உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். இடதில் திரியெல்லாம் அமுங்கித் தடித்த கம்பளம் மாதிரி ஒட்டிக் கிடந்தது, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. வலதைத் திருப்பினால் ஒவ்வொரு திரியும் நான் வைத்தபடியே பொசுபொசுவென்று நிற்கிறது.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, வெர்னா நம்மை ஏமாற்றிவிட்டாள் என்று தோன்றியது. கிழட்டு ஆட்டு மயிரை நடுவில் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டாள், அதுதான் படியவில்லை என்று முடிவு கட்டி, அங்கியைக்கூடச் சரியாகப் போடாமல் பனியில் நடந்து அவள் வீட்டுக்குப் போய் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். நாக்கில் எலும்பா இருக்கிறது, என்னென்னவோ சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதலில் இடதில் கையை விட்டாள், அப்புறம் வலதில் விட்டாள். உள்ளேயே விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். நான் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். "மர்ட்டில், கொஞ்சம் வாய மூடு"ன்னாள். "கம்பளி மேல ஒரு குத்தமும் இல்ல. இந்தக் கை எதையுமே புடிக்கல. ரெண்டு மாசமா இது சும்மாவே கிடந்திருக்கு. வீட்டுக்குப் போயி உன் புருஷன் ஹெட்லியோட கையப் பாரு." அப்படியே அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன் ட்ரூடி. அவள்தான் தேநீர் போட்டுக் கொடுத்தாள், அவ்வளவு திட்டியும்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வியாழக்கிழமைச் சீட்டாட்டத்துக்குப் போவதை ஜனவரியிலேயே நிறுத்திவிட்டார், கேட்டதற்கு அவனுங்க எல்லாம் கள்ளாட்டம் ஆடுறானுங்க என்றார், நானும் நம்பினேன். சீட்டை விசிறியாகப் பிடிக்க விரல் வரவில்லை என்று எனக்கு எங்கே தெரியும். கோவிலில் பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துக்கொண்டே பாடினார். விறகு பிளக்கப் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு, பதிலுக்கு உப்புமீன் கொடுத்து அனுப்பினார். அந்த ஆளுக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டம், நேரே கொடுத்தால் வாங்க மாட்டான், அதனால்தான் என்றார். நான்கூட நம் வீட்டு மனுஷனுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று பெருமைப்பட்டேன். வலது கையுறையின் உள்ளங்கையைப் பார், காசு அகலத்துக்குக் கருகியிருக்கும். அடுப்பு மேல் கையை ஊன்றியிருக்கிறார், கம்பளி தீய்கிற நாற்றம் எனக்கு வந்தது, அவருக்குச் சூடு தெரியவில்லை.

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் பார்த்தேன். கிறிஸ்துமஸ் பன்னிரண்டு நாளில் முகமூடிக் கூத்து போகும்போது நம் ஆட்கள் மூச்சை உள்ளே இழுத்து இழுத்துக் கொழகொழவென்று பேசுவார்களே, ஆள் தெரியாமல் இருக்க. இந்தத் தடவை அப்பா என் பழைய பாவாடையைச் சுற்றிக்கொண்டு, தலையணை உறையை முகத்தில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார், யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்து ஒரே பெருமை. மறுநாள் காலை எழுந்து வந்து ஏதோ கேட்டார், அதே கொழகொழப் பேச்சு. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. நான் சிரித்தேன் ட்ரூடி. "கூத்து நேத்தோட முடிஞ்சு போச்சு, குரல மாத்துங்க"ன்னேன். திரும்பவும் அதே மாதிரி பேசினார், நான் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, ராத்திரி ஏற்றிய ரம் இன்னும் இறங்கவில்லை என்று ஒரு வசவும் கொடுத்து, போய்ப் படுங்கள் என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலம்வரை தூங்கினார். எழுந்தபோது பேச்சு சரியாகிவிட்டிருந்தது, கை மட்டும் சரியாகவில்லை. அதை இத்தனை நாள் ஒளித்து வைத்திருக்கிறார். அன்றைக்கு நான் சிரிக்காமல் ஒரு தடவை முகத்தை உற்றுப் பார்த்திருந்தால் போதும். அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருக்கிறது, ஜெபம் பண்ண உட்கார்ந்தாலும் கேட்கிறது.

வெர்னா வீட்டிலிருந்து வந்து, கோப்பையை வலது கையால் எடுங்கள் என்றேன். "ஏன், இடது கையால குடிச்சா தேத்தண்ணி இனிக்காதா?" என்றார். இரண்டு கையுறையையும் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். இடது கையாலேயே இரண்டையும் அமுக்கிப் பார்த்தார். அப்புறம், "உங்கிட்ட தைக்கக் குடுத்தது என் தப்பு" என்று சிரிக்கப் பார்த்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. "குளிருக்குக் கொஞ்சம் மரத்துப் போச்சு, அவ்வளவுதான். பனி உருகினா சரியாயிடும். ட்ரூடிகிட்ட மட்டும் வாயத் தொறந்துராத. அவ வீடு உசரத்துக்கு லாரி ஓட்டுறா, மனச இங்க வச்சுகிட்டு ஓட்டக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன், திறக்கவில்லை. கர்த்தர் மன்னிக்கட்டும்.

மருத்துவ நிலையத்துச் செவிலியிடம் யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன், அவளுக்குத் தெரியாதா என்ன. "மூளையில ஒரு சின்ன அடைப்பு வந்து போயிருக்கும்மா. மறுபடி வந்தா சின்னதாவே வரும்னு யாரும் சொல்ல முடியாது. அவரை எப்படியாவது கூட்டிட்டு வாங்க" என்றாள். வர மாட்டேன் என்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் படகு ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்களாம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி உன் அப்பா. ஏப்ரல் கடைசியில் சிங்கி இறால் பிடிக்கிற காலம் திறக்கிறது. ஒபதியா சித்தப்பாதான் மூட்டுவலி என்று மகன் வீட்டோடு போய்விட்டாரே, இந்த வருஷம் படகில் அப்பா ஒருத்தர்தான். கடலடியில் இறக்குகிற இறால் கூடு இருநூறு, எல்லாம் கையால் இழுக்க வேண்டும்.

அதுகூடப் பரவாயில்லை என்று இருந்தேன், போன புதன்கிழமை வரைக்கும். சாப்பிடக் கூப்பிடக் கொட்டகைக்குப் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒரு கூட்டுக்குள் கல்லைப் போட்டு உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு இழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறார். இடது கையால் இழுக்கிறார், வலது விரல் மூடாததால், கயிற்றை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பிடித்து நிற்கிறார். உனக்கு ஏழு வயசில், முதல் தடவை படகில் ஏறிய அன்றைக்கு, நீ விளையாட்டாகக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாய் என்று உன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாரே ஞாபகம் இருக்கிறதா. அவர் உன்னை அடித்தது அந்த ஒரே தடவைதான். கூடு கீழே போனால் கை போகும், கை போனால் ஆள் போகும் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுக்க உன்னைவிட அவர்தான் அழுத முகமாக இருந்தார். அதே மனுஷன் அதே சுற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறார். நான் கூப்பிடவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து பருப்புக் களியைத் திரும்பச் சூடு பண்ணிக்கொண்டு நின்றேன்.

அதனால்தான் கையுறையைத் திருடி உனக்கு அனுப்புகிறேன். கட்டைவிரல் தைக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது, பிரித்துவிட்டேன், புதுசு பின்னித் தருகிறேன் என்று பொய் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாளில் ஒரு ஜோடி முடிக்கிறவள், நாலு நாளாக மணிக்கட்டிலேயே நிற்கிறேன். அவருக்கு என்ன தெரியாதா, "என்னடி, ஆட்டுக்கு இன்னும் மயிரு முளைக்கலையா?" என்று நேற்றுக்கூடக் கேட்டார். கையுறை இல்லாவிட்டால் வெறுங்கையோடு போகிறவர்தான் அவர், இது ஒரு தடையே இல்லை என்று எனக்கும் தெரியும். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் செய்கிறேன்.

நீ ஊரை விட்டுப் போன அன்றைக்கு விமானத்துக்கு அனுப்பிவிட்டு வந்து ஒரு முடிவு எடுத்தேன், திரும்பி வா என்று இவளை நான் ஒருநாளும் கேட்கக் கூடாது என்று. உன் மாமா வீட்டில் கூப்பிட்டுக் கூப்பிட்டே வெளியூர் போன தங்கள் பையனின் பிழைப்பைக் கெடுத்தார்கள். பதினோரு வருஷம் கேட்காமல் இருந்துவிட்டேன், கிறிஸ்துமஸுக்குக்கூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஏப்ரலுக்கு வா ட்ரூடி. இருபது நாள் வேலைக்கு எட்டு நாள் ஓய்வு என்றாயே, அந்த எட்டு நாளோடு இன்னும் எத்தனை நாள் கேட்டு வாங்க முடியுமோ வாங்கிக்கொண்டு வா. வருவதற்கு முன்னால் போன் பண்ணு, ஆனால் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, கடலுக்குப் போகாதீர்கள் என்றும் சொல்லாதே, அப்படிச் சொன்னால் மறுநாளே படகைத் தள்ளிவிடுவார். இந்த வருஷம் இறாலுக்கு நான் உங்கள் கூட வருகிறேன், கயிறு நான் இழுக்கிறேன், நீங்கள் சுக்கான் பிடியுங்கள் என்று மட்டும் சொல். சுக்கான் இடது கையால் பிடிக்கலாம். நீ வந்து நின்றால் செவிலியிடமும் வருவார், உன்னிடம் அவருக்கு இல்லை என்று சொல்ல வராது, சின்ன வயசிலிருந்தே வராது. முடியாது என்றால் முடியாது என்று எழுது, கோபப்பட மாட்டேன். பொய்யாக ஏன் எழுத வேண்டும், அழுவேன், ஆனால் கோபப்பட மாட்டேன்.

பெயின்ட் டப்பாவை மூடுகிற சத்தம் கேட்கிறது, வந்துவிடுவார். தலைக்குத் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. ராத்திரிப் பணி முடிந்து தூங்காமல் வண்டி ஓட்டாதே. கர்த்தர் நீ போகும்போதும் வரும்போதும் உன்னைக் காப்பாராக, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக, என் பிள்ளை எப்போதும் நன்றாக இருக்க வேண்டும். நீல ஜோடியைப் போட்டுப் பார்க்க மறந்துவிடாதே. முதலில் இடதைப் போடு, தடித்துக் கெட்டியாக இருக்கும், அது நல்லது. அப்புறம் சிவப்பு வரி போட்ட வலதில் கையை விடு. எவ்வளவு மெத்தென்று இருக்கிறது பார். அதை நினைத்துத்தான் உன் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
மர்ட்டில்