கொட்டகைக்குக் கிடைத்த தனி முகவரி

அத்-பாஷி,
ஏப்ரல் மாதம்

அன்புத் தங்கை ஜிபாருக்கு,

அண்ணன் எர்மெக் எழுதுகிறேன். ‘அன்பு’ என்று எழுதவே கை கூசுகிறது. போனை நீ எடுப்பதில்லை, அதுவும் நியாயம்தான். அதனால் நீ இருக்கும் பிஷ்கெக் நகரத்துக்குப் போகும் டாக்சிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி, வேறொன்றுமில்லை. உன் சுட்டி ஆடு இரட்டைக்குட்டி போட்டிருக்கிறது.

நான் வேண்டுமென்றே செய்ததாக மட்டும் நினைத்துவிடாதே. கொட்டகையில் கேமராவோடு உள்ளங்கை அகலக் கணினி ஒன்றை மாட்டினேன் அல்லவா? சந்தைக்குப் போன இடத்திலிருந்தும் ஆடுகளைப் பார்க்க ஆசைப்பட்டேன். இதுவரை ஊருக்கே வெளியில் ஒரே இணைய முகவரிதான். வீட்டுக்குள் இருக்கும் கணினியின் எண்ணை யாரிடம் சொன்னாலும் வெளியாள் உள்ளே வர முடியாது. புது முறையிலோ ஒவ்வொரு பொருளுக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் தனி முகவரி. கணினியின் அமைப்பில் ஒரு வரியை மாற்றி அந்த முறைக்குப் போனேன், வேலை செய்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய நினைப்பிலேயே அந்த முகவரியை ஊராரின் போன் குழுவில் போட்டு, "எங்க ஆட்டுக்கும் இனிமே சொந்த அட்ரஸ் இருக்குடோய்!" என்று பீற்றிக்கொண்டேன். வெளியாளைத் தடுக்கும் காவலை நான் போடவே இல்லை. தொட்டவர்களுக்கெல்லாம் கொட்டகை திறந்தது. படத்தோடு குரலும் போகும் என்று உன்னிடமும் சொல்லி வைக்கவில்லை, பாவி நான்.

அன்று மாலை நீ சுட்டியிடம் பேசினாய். உன் கணவன் சமத்தை நீயே உதறிவிட்டு வந்ததாகத்தான் ஊருக்குச் சொல்லி, தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாய். அவன் உன்னைப் பெட்டியோடு வெளியே தள்ளிக் கதவடைத்ததையும், நீ கெஞ்சிக் கெஞ்சித் தட்டியதையும் ஊரே கேட்டுவிட்டது. நீ கிளம்பிப் போன மறுநாள், கடையில் பக்கத்து வீட்டுத் துமார் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அட மானங்கெட்டவனே! ஒரு பொண்ணு அழுறதுக்கு ஆட்டுக்கொட்டகைகூட மிச்சம் வைக்கலியாடா நீ?" என்றாள். வாங்கிய ரொட்டியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

இப்போது காவலைப் போட்டாயிற்று, மைக்கைப் பிடுங்கி எறிந்தாயிற்று. என்ன பிரயோசனம்? கொட்டிய பாலை அள்ளவா முடியும்?

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். ஊர் கேட்டது அந்த ஒரு மாலைதான். கேமராவை மாட்டிய நாளிலிருந்தே நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஜிபார். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு முற்றம். எழுந்து வந்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருக்கலாம். வந்தால் நீ அழுவாயே, என்ன சொல்வது என்று பயந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கூடப்பிறந்தவன் இருந்தும் ஆட்டிடம் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

எங்கிருந்தாலும் நீ நன்றாயிரு. திட்டுவதற்காவது ஒருமுறை கூப்பிடு. நீ முடிக்கிறவரை வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத அண்ணன்,
எர்மெக்