தப்பித்த பத்தொன்பது கூடு

22.4.1987, புதன்

எங்கள் பட்டுப்புழு முட்டைக் கம்பெனி சூப்பர்வைசர் இன்றைக்கு என்னைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தார். போன வாரம் ஷெட்டில் அடித்த வெக்கையில் என் தட்டிலிருந்த முந்நூறு புழுவில் கிட்டத்தட்ட எல்லாம் இலையைத் தொடாமல் செத்தன. பத்தொன்பது மட்டும் நன்றாகத் தின்று கூடு கட்டின.

"வேற ஜாதி கலந்துடுச்சு மும்தாஜ். எல்லாத்தையும் கொளுத்திடு" என்றார்.

"ஒரே தாய் போட்ட முட்டை சார், என் கையால பிரிச்சேன். கலக்கல."

அவர் காதில் ஏறவில்லை. இந்தப் புழு வம்சத்தை அஞ்சு தலைமுறையாக ஷெட்டைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டிப் பொத்திப் பொத்தி வளர்த்தோம். குளுமையில் எல்லாப் புழுவும் ஒன்று போலத்தான் தெரியும். வெக்கை தாங்குகிற குணம் சிலதுக்குள் அப்போதே இருந்திருக்கிறது, காட்டத்தான் வேளை வரவில்லை. இந்த வருஷம் சாக்கை நனைக்கத் தண்ணீரில்லை, வெளியே வந்துவிட்டது. இதுகளையே ஜோடி சேர்த்தால் அடுத்த வெயிலுக்கு இன்னும் நிறையப் புழு நிற்கும்.

செத்த புழுவையும் தட்டையும் கொளுத்தினேன். கூடு பத்தொன்பதும் என் டிபன் பாக்ஸில் பஸ் ஏறி என் வீட்டுக்கு, மத்திகிரிக்கு வந்துவிட்டன.

அடுத்த சித்திரை வெயிலில் கம்பெனிப் புழு செத்தால் அவரே இதுகளின் முட்டை கேட்டு வருவார். கொடுப்பேன். முதலில் 'கலக்கல' என்று அவர் வாயால் சொல்லட்டும்.