நாலு பெடலுக்கு ஒரு பல்செட்

மார்ச் 1, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் இந்த நோட்டில் ஓடட்டும்.

கல்யாண வரவேற்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே நுழையும்போது போடும் பாட்டு. என் தம்பி கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடுகிறான். நான் கிட்டாரின் எதிரொலிப் பெடலை மிதித்தேன். மேடைக்கு அன்றுதான் மெழுகு போட்டார்கள் போலிருக்கிறது, பெடல் வழுக்கிக்கொண்டு மூன்றடி போய்விட்டது. அதைப் பிடிக்கக் காலை நீட்டினேன், ஒயர் பிடுங்கிக்கொண்டது. டப்பென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. கீழே முந்நூறு பேர், மேலே கிட்டார் இல்லாத பாட்டு, ஓரத்தில் காலைப் பரப்பிக்கொண்டு நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வேனில் திரும்பி வந்து என்னை இறக்கிவிடும்போது தம்பி சொன்னான்: "அடுத்த ப்ரோக்ராம் இருபத்தொண்ணாம் தேதி. அதுக்குள்ள எல்லாத்தையும் ஒரு பலகையில ஒழுங்கா பொருத்தி வை. இல்லன்னா சுருட்டையைக் கூப்பிட்டுக்குவேன்."

சுருட்டை இன்னொரு குழுவில் வாசிக்கும் பயல், வயது இருபத்து நாலு. தலைமுடியால் வந்த பெயர். நன்றாக வாசிப்பான், சனியன். நான் இந்தக் குழுவில் பதினோரு வருடமாக வாசிக்கிறேன். தொடங்கியபோது தம்பிக்கு மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பதென்றே தெரியாது. அவன் என்னை அனுப்பப் பார்க்கிறான்.

மார்ச் 3, செவ்வாய்

பலகை கிடைத்துவிட்டது. மாமியாருடைய பீரோவின் நடுத்தட்டு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், நல்ல ப்ளைவுட். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன் — சரி, எடுத்துவிட்டுக் கேட்டேன்.

"என் துணியெல்லாம் எங்க வைக்கிறதும்மா?"

"கீழ்த்தட்டுல அத்தை. குனிஞ்சு எடுத்தா இடுப்புக்கு நல்லது."

தரையில் பரப்பியிருந்த நாலு பெடலையும் சுற்றி வந்து பார்த்தார். "இதெல்லாம் என்ன, எலிப்பொறியா?" காலால் மிதித்தால் கிட்டார் சத்தம் மாறும், ஒன்று கரகரக்கும், ஒன்று எதிரொலிக்கும், ஒன்று சுருதி காட்டும், ஒன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் என்றெல்லாம் விளக்கினேன்.

"கையால வாசிக்கிறதை எதுக்குக் காலால கெடுக்குற" என்றார்.

மார்ச் 5, வியாழன்

பலகையின் பின்பக்கம் உயர்ந்து நிற்க அடியில் இரண்டு ஆப்பு வைத்து ஆணி அடித்தாயிற்று. பெடல்களை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். பார்க்க ஜோராக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் தொங்கவிட்டே பழகியவர். "நாலு போல்ட்டு, ஒரு ஸ்டீல் ரோப். ஜென்மத்துக்கும் அறுந்து விழாது" என்றார். இது பத்தாவது மாடிக்குப் போகாதுங்க என்றேன். முகம் விழுந்துவிட்டது.

மார்ச் 7, சனி

பலகை ஜன்னலோரம் வெயிலில் கிடந்தது. டேப் பாகாக உருகி, நாலு பெடலும் ஊர்வலம் போவதுபோல் முன்னால் நகர்ந்து வந்து நிற்கின்றன. மேடை விளக்குச் சூடும் இப்படித்தான் இருக்கும். நல்லவேளை, வீட்டிலேயே தெரிந்தது.

மார்ச் 8, ஞாயிறு

ஷூவில் வருமே, கரகரவென்று பிரியும் ஒட்டுநாடா, அதை வாங்கி ஒட்டினேன். பெடலின் அடியில் இருக்கும் ரப்பர்க் காலைக் கழற்றாமல் ஒட்டிவிட்டேன். நாடா நாடாவைத் தொடவேயில்லை. கழற்றிவிட்டு மறுபடி ஒட்டினேன். ஓங்கி மிதித்தால் எதிரொலி மட்டும் இடுப்பை ஆட்டுகிறது. கோபம் கோபமாக வருது. ஒரு டப்பாவை நிக்க வைக்கத் தெரியல எனக்கு.

மார்ச் 10, செவ்வாய்

நான் ஒரு மடச்சி. பதினாறு வருடமாக லேபில் உட்கார்ந்து பல்செட் செய்கிறேன். பல்லே இல்லாத வாய்க்குள் ஒரு வரிசைப் பல்லை அசையாமல் நிறுத்துவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவள் கடை கடையாகப் போய் டேப் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஈறு செய்யும் பொடியும் திரவமும் கொஞ்சம் வேண்டுமென்று லேப் முதலாளியிடம் கேட்டேன்.

"யாருக்கு செட்டு?"

"நாலு பேருக்கு சார். எல்லாருக்கும் இரும்பு உடம்பு."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. என்னிடம் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

மார்ச் 11, புதன்

முடிந்தது. பெடல் உட்காரும் இடத்தைச் சுற்றிப் பலகையில் சாய்வாகத் துளை போட்டேன், பொடியும் திரவமும் கலந்த குழம்பு உள்ளே இறங்கி இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெடலின் அடித்தகடு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்பை மூடி நாலு பக்கமும் ஈறு கட்டி, வழவழவென்று தேய்த்துப் பளபளப்பும் ஏற்றினேன். அசல் ரோஸ் நிறம். வீடு முழுக்க லேப் நாற்றம். மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, தன் பல்செட்டைவிட இது எடுப்பாக இருக்கிறது என்றார். அவர் செட்டும் நான் செய்ததுதான்.

ஏறி நின்று குதித்தேன். ஒரு இம்மி அசையவில்லை.

மார்ச் 12, வியாழன்

லேபில் இன்று வேலை நடுவில் திடீரென்று உறைத்தது. பிரிப்பான் தடவவில்லை. அச்சில் முதலில் பிரிப்பான் தடவ வேண்டும், இல்லாவிட்டால் செட் வெளியே வராது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இது. மறந்தவளை நாள் முழுக்கத் திட்டவும் செய்வேன்.

பரவாயில்லை. யார் கழற்றப் போகிறார்கள்?

மார்ச் 14, சனி

காலையில் தம்பி வந்தான். அவனுக்குக் காட்டத்தான் பலகையைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். "என்னக்கா இது, வாய் மாதிரி இருக்கு" என்றான். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சுருட்டை இருபத்தொண்ணுக்கு வரேன்னுட்டான். எதிரொலியை மட்டும் எடுத்துட்டுப் போறேன்" என்றான்.

எதிரொலிப் பெடல் அவன் வாங்கியது. எனக்கு வாசிக்கக் கொடுத்திருந்தான்.

"இருபத்தொண்ணு வரைக்கும் டைம் குடுத்தியே. இன்னிக்கு பதினாலுதானே."

"தெரியும்."

எனக்கு என்னென்னவோ சொல்ல வந்தது. எடுத்துக்கோ என்று மட்டும் சொன்னேன். பெடலைப் பிடித்துத் தூக்கினான், பலகையும் கூடவே வந்தது. பலகையை முழங்காலால் அழுத்திக்கொண்டு இழுத்தான். ஸ்க்ரூ ட்ரைவரை விட்டு நெம்பினான். வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ரசித்தார். "தாங்கும்பா. பலகைதான் முதல்ல உடையும்."

மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்த டாக்டர்கூட என் பல்லை இவ்வளவு நேரம் இழுக்கல."

"இது என் பெடல்க்கா" என்றான் தம்பி. மூச்சு வாங்கியது அவனுக்கு.

"பெடல் உன்னுது. ஈறு என்னுது. வேணும்னா மொத்தமா தூக்கிட்டுப் போ."

தூக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தே சொன்னான்: "ஒயர் கழண்டதுக்கு இல்லக்கா. அது யாருக்கும் நடக்கும். நீ சிரிச்ச. நான் கண்ணைத் தொறந்து பாக்குறேன், நீ என்னைப் பாத்து சிரிச்சுட்டு நிக்கிற. அத்தனை பேர் முன்னாடி."

எனக்குப் பயம் வந்தால் சிரிப்புதான் வரும். ஊசி போட்டால் சிரிப்பேன். பரீட்சையில் கோட்டை விட்டபோது சிரித்து, அதற்குத் தனியாக அடி வாங்கினேன். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவ்வளவும் உண்மை. கொஞ்சம் அவனைப் பார்த்தும்தான் சிரித்தேன், அதுவும் உண்மை. கண்ணை மூடிக்கொண்டு அப்படி உருகினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அதை அவனிடம் சொல்லவில்லை. இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

"தப்புதான்டா. மன்னிச்சுக்கோ" என்றேன். நாற்பது வருடத்தில் அவனிடம் முதல் தடவை. அவன் ஸ்க்ரூ ட்ரைவரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் குரலுக்குப் பின்னால் நின்று வாசிக்கத்தான் வாரம் முழுக்க ஊரார் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஏன் அதைச் சொல்ல வரவில்லை? வாய் இருக்கே, எதுக்கு இருக்கு?

மார்ச் 16, திங்கள்

போன் வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மேல்வரிசையில் ஒரு செட்டுக்கு இரண்டு முன்பல்லையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்றார். சிரித்தேன்.

மார்ச் 18, புதன்

தம்பியிடமிருந்து செய்தி: "சனிக்கிழமை வேன் நாலு மணிக்கு. பலகையை நீ தூக்காத, நான் வந்து எடுத்துக்கறேன்."

வேன் யாருக்கு? எனக்கா, பலகைக்கு மட்டுமா? கேட்டு எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அழித்தேன். "கிட்டாரை எடுத்து வச்சுக்கோ, வேன் வரும்" என்று சுருட்டைக்கும் அனுப்பியிருந்தால்?

மார்ச் 20, வெள்ளி

கேட்டுவிட்டேன். "சனிக்கிழமை யாரு வாசிக்கிறா?"

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "கிட்டாருக்கு புதுக் கம்பி மாத்திட்டு வா."

மார்ச் 22, ஞாயிறு

நேற்று பலகை அசையவில்லை. டிரம்ஸ்காரர் என் ரோஸ் ஈறைப் பார்த்துவிட்டு, தனக்குக் கடைவாயில் ஒரு பல் ஆடுகிறது, பார்க்க முடியுமா என்று கேட்டார்.

பாதி நிகழ்ச்சியில் தம்பி எங்களை அறிமுகம் செய்வான். டிரம்ஸ், கீபோர்டு, கிட்டார் என்று கையை நீட்டிக்கொண்டே போவான். பதினோரு வருடமாக நான் அவனுக்கு "கிட்டார்"தான். நேற்று என் பக்கம் வந்ததும் கையை நீட்டவில்லை. மைக்கில் சொன்னான்: "இது எங்க அக்கா."

அடுத்த பாட்டு நான்தான் தொடங்க வேண்டும். முதல் வரி முழுக்கத் தப்பாக வாசித்தேன். நாலு பெடலும் இருந்த இடத்திலேயே இருந்தன.