பீரோவுக்குப் பின்னால் ஏறிய மண்கோடு

கடம்பத்தூரிலிருந்து மரபீரோவோடு வந்திறங்கி, கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டை உங்கள் வீடாக்கிக்கொண்ட என் அத்தைக்கு,

உங்கள் அறையில் கரையான் புகுந்துவிட்டது. பீரோவின் பின்பலகை போய்விட்டது. கதவு நிலையின் இடதுகால் முழங்கால் உயரத்துக்கு உள்ளே பொக்காகிவிட்டது. உங்கள் கூரைப்புடவையில் ஒரு மடிப்பு மண்ணாகிவிட்டது. மற்றதெல்லாம் பிழைத்தது. சுற்றி வளைத்துச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எப்படி விட்டீர்கள் என்று கேட்பீர்கள். மரம் வாங்கி விற்கிறவன் வீட்டிலேயே மரம் போச்சா என்றும் கேட்பீர்கள். இந்த வருஷம் நம் வீட்டில் போகி இல்லை அத்தை. அதுதான் பதில்.

நீங்கள் ஆவணியில் போனீர்கள். ஆண்பிள்ளை இல்லாத உங்களுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன். துக்க வீடு என்பதால் தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது. பொங்கல் இல்லாத வீட்டில் எவன் வெள்ளையடிப்பான், எவன் ஒட்டடை அடிப்பான்? தெருவே மேளம் தட்டிப் பழையதைக் கொளுத்திய அன்று எங்கள் வாசல் மட்டும் சும்மா கிடந்தது. உங்களுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் இருந்தோம். அந்த மரியாதைக்குப் பின்னாலேயே அது ஏறியிருக்கிறது.

நீங்கள் இருந்தவரை போகி வந்தாலே எனக்குப் பேஜார்தான். காபி குடித்த டம்ளரைக் கீழே வைக்க விடமாட்டீர்கள். கட்டில், பீரோ, அரிசி டிரம் எல்லாவற்றையும் சுவரை விட்டு நான் இழுக்கவேண்டும். பிறகு நீங்கள் பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவீர்கள். நிலை, ஜன்னல் சட்டம், பரண் பலகை என்று ஒன்று விடாமல் அதன் காம்பால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பீர்கள். டாக்டர் முதுகில் தட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

நீங்கள் வந்திறங்கிய முதல் நாளே அதைச் செய்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? டெம்போவிலிருந்து பீரோ இன்னும் இறங்கவில்லை. வாசக்காலைத் தட்டிவிட்டு, "மாப்ளே, இது தேக்குன்னு எவன் சொன்னான்?" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. தொழிற்பேட்டையில் கம்பெனிகளுக்கு மெஷின் வந்து இறங்கும் பேக்கிங் பெட்டிகளை மொத்தமாக எடுத்து, பிரித்து, பலகையாக விற்று மேலே வந்தவன் நான். யாரும் எழுதி வைத்துவிட்டுப் போன சொத்து எனக்குக் கிடையாது. என் வாசக்காலை, அதுவும் பெண்ணெடுத்த வீட்டிலிருந்து வந்தவர் தட்டிப் பார்ப்பதா? "நான் சொன்னேன் அத்தை, நான்தான் வாங்கினேன்" என்றேன். "அப்ப சரி. தேக்குன்னே வெச்சிக்கலாம்" என்று உள்ளே போனீர்கள். அந்த 'வெச்சிக்கலாம்' எனக்கு ஆறு மாசம் செரிக்கவில்லை.

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். எல்லா அடையாளமும் எங்கள் கண்ணெதிரேதான் வந்தது.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் உங்கள் அறை ஜன்னலடியில் இறகுகள் கிடந்தன. மெல்லிசாக, வெங்காயத் தோல் மாதிரி. உங்கள் மகள் மல்லிகா கூட்டித் தள்ளிவிட்டாள். ஈசல் என்றால் மழைக்கு வருவதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். வெளிவிளக்கைச் சுற்றுகிற ஈசலுக்கு நீங்கள் பயந்ததே இல்லை. மூடிக் கிடக்கிற அறைக்குள் இறகு உதிர்ந்திருந்தால் மட்டும், கரையான் உள்ளேயே கூடு கட்டிவிட்டது என்று முகம் மாறும். நீங்கள் போனதிலிருந்து அந்த ஜன்னலைத் திறக்கவே இல்லையே, இறகு எங்கிருந்து வரும் என்று எனக்கு ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை?

தை மாசத்தில் நிலையின் அடியில் பெயின்ட் லேசாகக் கொப்பளித்தது. ஈரம் என்றாள் மல்லிகா. பங்குனியில் கதவு இறுகியது. மழைக்காலத்தில் கதவு இறுகினால் அர்த்தம் உண்டு. மண்டை பிளக்கிற வெயிலில், மரமெல்லாம் சுருங்கவேண்டிய நேரத்தில் ஏன் இறுகவேண்டும்? தோளால் இடித்துத் திறந்துகொண்டு போனேனே தவிர யோசிக்கவில்லை. என் குடோனில் ஒரு பலகை இப்படி நடந்துகொண்டால் அன்றைக்கே புரட்டிப் போட்டிருப்பேன். வீட்டுக்குள் வந்தால் நமக்குக் கண் வேறாகிவிடுகிறது.

வைகாசியில் கோடு தெரிந்தது. பீரோவின் தலைக்கு மேலே, சுவரில், பென்சில் கனத்துக்கு ஒரு மண்கோடு. நேராக உங்கள் படத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது.

எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் எனக்கு முன்னால் எதிர்வீட்டுத் தேவகி அக்கா பார்த்துவிட்டார். ஆடி மாசம் தவறாமல் உங்களோடு பெரியபாளையம் வருவாரே, அவரேதான். சுவரில் மண் எழும்பினால் அவருக்கு அது ஆத்தா. அதுவும் உங்கள் படத்துக்குக் கீழே எழும்பினால், நீங்களே வந்துவிட்டதாகத்தானே அர்த்தம்? நான் குடோனிலிருந்து வருவதற்குள் கோட்டின் மேல் மஞ்சள் ஏறி, குங்குமம் ஏறி, கீழே விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

மல்லிகா விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் போனபின் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. அதுதான் என் வாயைக் கட்டிப்போட்டது.

ஆனாலும் நான் வியாபாரி. எத்தனை நாள் சும்மா இருப்பேன்? பீரோவின் பக்கவாட்டில், மஞ்சள் படாத இடத்தில், அவளுக்குத் தெரியாமல் கோட்டை ஒரு நகக்கண் அளவு உடைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் அந்த இடம் ஈர மண்ணால் அடைபட்டிருந்தது. காய்ந்த பழைய கோடாக இருந்தால் உடைந்தபடியே கிடந்திருக்கும். இது உள்ளே ஆள் இருக்கிற கோடு.

மெதுவாகப் பேச்செடுத்தேன். பீரோவை நகர்த்தவேண்டும் என்றேன். கூடாது என்றாள். இது செல்லு மல்லிகா, கரையான், வீட்டையே அரிச்சிடும் என்றேன். எல்லாம் உங்கள் பேக்கிங் கட்டையோடு வந்தது என்று என் மேல் திருப்பினாள். குடோனை முழுக்க அலசிவிட்டேன், அங்கே ஒரு பொட்டு மண் கிடையாது என்றேன். அப்படியானால் இது கரையானே இல்லை என்று முடித்துவிட்டாள். உங்கள் பெண்தானே.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "உங்கம்மா வரணும்னா வாசல் வழியா வருவாங்க. பீரோ பின்னால இன்னாத்துக்கு வர்றாங்க?" என்றேன்.

"உங்ககிட்ட அவங்க என்னிக்கு வாசல் வழியா வந்தாங்க? பின்னாடியே வந்து தட்டிப் பாத்துக்கினு இருந்தவங்கதான?"

சிரிப்பு வந்துவிட்டது அத்தை. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே உடைந்துபோனாள். "அந்த ரூமக் கிளறாதீங்க. கதவத் தெறந்தா வெத்தல, பூங்கற்பூரம்னு அம்மா வாசன அப்படியே வருது. பீரோவ நகத்தினா அதுவும் போயிடும். அப்பறம் எனக்கு இன்னா இருக்குது?"

மரத்துக்குப் பதில் சொல்வேன், விலைக்குப் பதில் சொல்வேன். வாசனைக்கு என்ன சொல்வது?

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவன், அவள் அடுப்படியில் இருந்த நேரத்தில் உங்கள் அறைக்குப் போனேன். எதுவரைக்கும் போயிருக்கிறது என்று தெரியாமல் அவளோடு என்னத்தைப் பேசுவது? வண்டிச் சாவியால் நிலையைத் தட்டினேன். கிணுகிணு என்று சாவியின் சத்தம்தான் கேட்டதே தவிர மரத்தின் சத்தம் கேட்கவில்லை. பீரோ மேல் உங்கள் வெற்றிலைப்பெட்டி இருந்தது. நீங்கள் வைத்த இடத்திலேயே. திறந்து பாக்குவெட்டியை எடுத்தேன்.

நிலையின் அடியிலிருந்து தட்ட ஆரம்பித்தேன். டொக், டொக், டொக்.

அடுப்படியில் கரண்டி விழுந்தது. ஈரக்கையோடு ஓடிவந்தவள் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஒரு நொடி அவள் யாரை எதிர்பார்த்து ஓடிவந்தாள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பாத் தட்றீங்க" என்றாள்.

"இன்னா தப்பு?"

"கீழேர்ந்து தட்டக்கூடாது. மேலேர்ந்து வரணும். நல்ல மரத்தோட சத்தம் மொதல்ல காதுல ஏறணும். அப்பத்தான் கெட்டது எதுன்னு தெரியும்."

என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். ஸ்டூலில் ஏறி நிலையின் தலையிலிருந்து தட்டிக்கொண்டே இறங்கினாள். உங்களைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு. எத்தனை போகிக்கு உங்கள் பின்னாலேயே நடந்திருப்பாள்? ஒருநாளும் அவள் தட்டி நான் பார்த்ததில்லை. மரம் நன்றாகப் பேசிக்கொண்டே வந்தது. முழங்கால் உயரத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. காலி அட்டைப்பெட்டியில் தட்டுகிற மாதிரி பொத்தென்று அடங்கியது. விளக்கடியில் இருந்த மஞ்சளைத் தொட்டு அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

"இதுக்கு மேல நல்லாக்குது. கீழ போயிடுச்சி." விளக்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "பீரோவ இழுங்க" என்றாள்.

இழுத்தேன். பின்னால் சுவர் முழுக்க நரம்பு நரம்பாக மண். அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. குழாய் இணைப்பில் சொட்டு ஒழுகி, தரையோரத்தில் சிமெண்ட் விட்டிருந்த இடுக்கு வழியாக ஏறியிருக்கிறது. பீரோவின் பின்பலகையில் விரலை வைத்தேன், நனைந்த அப்பளம் மாதிரி உள்ளே போனது. முன்பக்கம் முழுக்கத் தேக்கு, பின்னால் மட்டும் மாம்பலகை. பீரோவைச் செய்த கடம்பத்தூர் ஆசாரி உங்கள் வீட்டுக்காரரை, என் மாமாவை, ஏமாற்றினானா, இல்லை மாமாவே மிச்சம் பிடித்துவிட்டு உங்களிடம் மூச்சு விடவில்லையா? வருஷாவருஷம் தட்டிப் பார்த்த உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் மாமாவுக்காக, தேக்கு என்றே வைத்துக்கொண்டீர்களா?

அடித்தட்டில் இருந்த கூரைப்புடவையை மல்லிகா உதறினாள். போன மடிப்பை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தன் புடவைகளோடு வைத்துக்கொண்டாள். ஜன்னலையும் அவளே திறந்தாள். தேவகி அக்காவிடம் பக்குவமாகச் சொல்லியாகிவிட்டது. அவரும் அவர் வீட்டு பீரோவை நகர்த்தச் சொல்லி மகனைப் பாடாய்ப் படுத்துவதாகக் கேள்வி.

திருவள்ளூரிலிருந்து மருந்தடிக்கிறவரை வரவழைத்தேன். சுவரோரமாகத் தரையில் ஓட்டை போட்டு மருந்து இறக்கினார். நிலையின் காலை வெட்டிப் புதுத்துண்டு வைத்தாயிற்று. இன்னொரு மழைக்காலம் விட்டிருந்தால் பரண் வரைக்கும் போயிருக்கும் என்றார் மருந்தடித்தவர். குழாயை நான் முதலிலேயே மாற்றிவிட்டேன். ஈரத்தை விட்டுவிட்டு மருந்தடித்தால் காசுதான் போகும்.

மற்றச் செய்தி: உங்கள் நிலத்தில் பயிர் வைப்பவர் இந்தப் போகமும் நெல்லை ஒழுங்காகக் கொண்டுவந்து போட்டார். ஹைவேயை அகலப்படுத்துகிறார்கள், வீடெல்லாம் புழுதி. மல்லிகா இப்போது சரியாகச் சாப்பிடுகிறாள். வாசனை? கொஞ்சம் குறைந்துவிட்டது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவள் வெற்றிலை போட ஆரம்பித்திருக்கிறாள்.

இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வருஷம் துக்கம் காத்த வீடுகள் எத்தனையோ இருக்கும், அங்கேயும் ஒரு பீரோ சுவரோடு ஒட்டித்தான் நின்றுகொண்டிருக்கும். பண்டிகை வேண்டாம், பொங்கல் வைக்கவேண்டாம். சாமானை மட்டும் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள் என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற ஆவணியில் உங்கள் வருஷத் திதி. அதோடு துக்கம் தீரும், அதற்கடுத்த போகிக்கு நம் வீட்டில் எல்லாம் நகரும், இது என் வாக்கு. பேசி முடித்ததையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்காரர் ஐயாயிரம் கேட்டார். மூவாயிரத்து எண்ணூறுக்கு முடித்தேன், மழைக்குப் பின் ஒருமுறை சும்மா வந்து பார்க்கவேண்டும் என்ற பேச்சோடு. மல்லிகாவோடு பேசியது வேறு. பீரோவுக்குப் புதுப்பின்பலகை என் செலவு, தேக்கில். சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. போகிக்குப் போகி இழுப்பது நான், தட்டுவது அவள். அவள் தட்டிவிட்டு என்ன சொன்னாலும் நான் எதிர்ப்பேச்சு பேசக்கூடாது, வாசக்காலையும் சேர்த்து.

ஒப்புக்கொண்டேன்.

உங்கள் வீட்டு மாப்பிள்ளை,
மல்லிகாவின் வீட்டுக்காரன்,
சுந்தரம்